காரில் இடி விழுந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி 3.40 இருக்கும். புளோரிடாவில் டாம்பாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நீச்சல் குளத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் அப்பா, பின் சீட்டில் எட்டு வயது மகள். மழை அப்படிக் கொட்டியது. வைப்பரை அதிக வேகத்தில் வைத்தும் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. முதலில் எல்லாமே வெள்ளையாகிவிட்டது. அதே கணத்தில் ஒரு சத்தம். 'டமார்' என்று எழுதினால் அது பொய். காதால் கேட்டதை விட நெஞ்சில் வாங்கியது என்று சொல்வதுதான் சரி. கண் திரும்பத் தெரிந்தபோது டாஷ்போர்டில் இருக்கிற எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன, பிறகு எல்லாம் ஒன்றாக அணைந்தன. இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகியது. பலம் கொண்ட மட்டும் திருப்பி, உருண்டு வந்த வேகத்திலேயே ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். வலப்பக்கம் பின்னால் டயர் வெடித்திருந்தது. வயர் கருகிய வாசனை.

"அர்ஜுனா, அர்ஜுனா" என்று அப்பா முணுமுணுத்தார். ஊரில் எங்கள் அப்பாயி இடி இடிக்கும்போதெல்லாம் சொல்வது அது. அடுத்த நொடி அவர் கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

"இறங்குடா, பாப்பாவத் தூக்கு. வண்டி பூரா கரண்ட் இருக்கும்."

உண்மையைச் சொல்கிறேன். நானும் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். மாஸ்டர்ஸ் வரை படித்தவன், பத்து வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் மூளையில் இருந்தது ஒரே ஒரு எண்ணம்: இந்த வண்டியை விட்டு வெளியே ஓடணும்.

நிறுத்தியது மகள்தான். பின்னால் இருந்து கத்தினாள்: "தாத்தா, நோ! இறங்கக்கூடாது! தர்ட்டி மினிட்ஸ்! லைஃப்கார்ட் சொன்னாங்க!"

நீச்சல் குளத்தில் அரைமணி முன்னால்தான் விசில் ஊதி எல்லாப் பிள்ளைகளையும் தண்ணீரிலிருந்து ஏற்றியிருந்தார்கள். இடிச் சத்தம் கேட்டால் உள்ளே போகணும், கட்டடத்துக்குள் அல்லது காருக்குள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆகிற வரைக்கும் வெளியே வரக்கூடாது. அதை அவள் கோடை முழுக்க வாரம் மூன்று முறை கேட்டிருக்கிறாள். "கார் சேஃப் தாத்தா. வெளியதான் சேஃப் இல்ல."

அப்பா கையை எடுத்தார். அவருக்குப் புரிந்ததா, பேத்தியின் குரலுக்குப் பயந்தாரா, தெரியாது. புகை வருகிறதா, தீ ஏதும் தெரிகிறதா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தீப்பிடித்தால் இறங்கித்தான் ஆகவேண்டும். நல்லவேளை, வாசனையோடு நின்றுவிட்டது. 911ஐ அழைத்தேன். அவர்களும் அதையே சொன்னார்கள்: உள்ளேயே இருங்கள், கண்ணாடியை மூடி வையுங்கள், கதவு, ஸ்டியரிங், ரேடியோ எதையும் தொடாமல் கையை மடியில் வையுங்கள்.

ஐம்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஏசி இல்லை, கண்ணாடி முழுக்க ஆவி. மகள் என் போனை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இடிக்கும் முப்பது நிமிஷக் கணக்கைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று முறை ஆரம்பித்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஏன் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை?

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த நண்பர்கள் எல்லோரும் சொன்னது: "நல்லவேளை, டயர் ரப்பர். அதான் தப்பிச்சீங்க." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு. மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு, டயரின் சில அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. தாண்டிப் போய்விடும். எங்கள் டயர் வெடித்ததே அதனால்தான்.

காப்பாற்றியது காரின் உலோகக் கூடு. 1836இல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 12 அடிக்கு ஒரு பெரிய பெட்டி செய்தார். வெளியே கம்பியும் உலோகத் தகடும் சுற்றி, அதில் பலமான மின்சாரம் ஏற்றி, தான் உள்ளே போய் நின்றார். வெளியே தீப்பொறி பறந்தது. உள்ளே அவருடைய கருவிகளில் ஒரு சலனமும் இல்லை. மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்பக்கமாகவே ஓடிவிடும், உள்ளே வராது. இதைத்தான் ஃபாரடே கூண்டு என்கிறோம். பயணிகள் விமானம் ஒன்றைச் சராசரியாக வருடத்துக்கு ஒரு முறையாவது மின்னல் தாக்குகிறது. உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக இறங்குவதற்கும் இதே காரணம்தான்.

ஆனால் இது மேலே உலோகக் கூரை இருக்கிற காருக்கு மட்டும். துணிக் கூரை போட்ட கன்வர்ட்டிபிள், ஃபைபர் கிளாஸ் உடம்பு கொண்ட வண்டி, கோல்ஃப் கார்ட், மோட்டார் சைக்கிள் எதுவும் இந்தப் பாதுகாப்பைத் தராது.

எங்கள் வண்டியில் மின்னல் போன பாதை அப்படியே தெரிந்தது. கூரையின் பின்பக்கம் சுறாத் துடுப்பு மாதிரி இருக்கிற ஆன்டெனா உருகி வழிந்திருந்தது. அதைச் சுற்றி பெயின்ட் ஒரு ரூபாய்க் காசு அளவு கருகியிருந்தது. பின் கண்ணாடியில் பனி போக்கும் மெல்லிய சூடேற்றும் கம்பிகள் இருக்குமே, அந்த வரியிலேயே கண்ணாடி விரிந்திருந்தது. கடைசியில் வலது பின் சக்கரத்தின் ரிம்மிலிருந்து தாவி ரோட்டில் இறங்கியிருக்கிறது.

ஒரு சராசரி மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் மின்னோட்டம் இருக்கும். அது போகிற பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தக் காற்று ஒரே கணத்தில் விரிவதுதான் இடிச் சத்தம். 'இடி விழுந்தது' என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், விழுவது மின்னல். இடி அதன் சத்தம் மட்டுமே. இதை மகளுக்குச் சொன்னபோது, "அப்போ ஏன் தமிழ்ல தப்பா சொல்றோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

டாம்பா பகுதிக்கு மின்னல் புதிதல்ல. எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் பெயரே 'லைட்னிங்'. கோடையில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஒரு கடல்காற்றும், அந்தப் பக்கம் அட்லாண்டிக்கிலிருந்து ஒன்றும் கிளம்பி, பிற்பகலில் நிலத்துக்கு மேலே மோதிக்கொள்கின்றன. ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று மேலே எழும்பி, சாயங்காலத்துக்குள் இடிமேகமாகிவிடும். கிட்டத்தட்ட தினமும். அதனாலேயே நாங்கள் அலட்சியமாகிவிட்டோம். 'இது தினமும் வர்ற மழைதானே' என்று குளத்தின் கட்டடத்துக்குள் காத்திருக்காமல் கிளம்பியது என் முடிவு. காருக்குள் மின்னலுக்குப் பாதுகாப்பு உண்டு, சரி. ஆனால் அந்த வெளிச்சத்தில் கண் தெரியாமல், இன்ஜின் இல்லாமல், ஓடுகிற வண்டியை நிறுத்தியது வெறும் அதிர்ஷ்டம். ஓரமாக நிறுத்திவிட்டு ஹஸார்ட் விளக்கைப் போட்டுக் காத்திருந்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்: என் மனைவிக்கு நன்றி

அந்தக் காருக்குக் கடன் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடன் இருக்கும்வரை கம்ப்ரிஹென்சிவ் காப்பீட்டை வங்கியே கட்டாயப்படுத்தும். முடிந்த பிறகு அது நம் விருப்பம். 'பழைய வண்டிக்கு எதுக்கு, எடுத்துடலாம்' என்று நான் சொன்னேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "புயல் வர்ற ஊர்ல இருந்துக்கிட்டு அதை எடுக்கிறதா?" என்றாள். அவள் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் இன்னொரு வண்டியோடு, மரத்தோடு மோதினால் அது 'கொலிஷன்'. மின்னல், வெள்ளம், ஆலங்கட்டி மழை, மரம் விழுவது, திருட்டு, மான் குறுக்கே வருவது எல்லாம் 'கம்ப்ரிஹென்சிவ்'. கட்டாயக் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் மின்னலுக்கு ஒரு டாலர் வராது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக இதே பெயரில்தான் கிடைக்கும். பிரிட்டனில் 'தர்ட் பார்ட்டி, ஃபயர் அண்ட் தெஃப்ட்' பாலிசியிலேயே பெரும்பாலும் மின்னல் சேர்ந்திருக்கும். இந்தியாவில் 'ஓன் டேமேஜ்' பகுதியில் தீ, வெடிப்போடு சேர்த்து மின்னலும் வரும். ஊரில் அப்பா அம்மாவுக்குக் கார் வாங்கித் தந்திருப்பவர்கள் அதையும் ஒரு தடவை பாருங்கள்.

க்ளெய்ம் அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது மூன்று.

ஒன்று, எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். டோ டிரக் வருவதற்குள், மழை விட்ட பிறகு, கருகிய கூரை, ஆன்டெனா, டயர் எல்லாவற்றையும் எடுத்தேன். தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி வைத்தேன். அமெரிக்கா முழுக்க ஒவ்வொரு மின்னலும் எங்கே, எந்த நொடியில் விழுந்தது என்று பதிவுசெய்கிற சென்சார் வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. நேஷனல் லைட்னிங் டிடெக்ஷன் நெட்வொர்க் என்று பெயர். காப்பீட்டு நிறுவனங்கள் அந்த அறிக்கையை வாங்கிச் சரிபார்க்க முடியும். எங்கள் அட்ஜஸ்டரும் அதைத்தான் செய்தார். நாம் சொல்கிற நேரம் சரியாக இருந்தால் வேலை சுலபம்.

இரண்டு, முதல் மதிப்பீட்டை நம்பி உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் 4,200 டாலர் என்று எழுதினார்கள்: கண்ணாடி, டயர், ஆன்டெனா, பேட்டரி, ஒரு கன்ட்ரோல் மாட்யூல். இன்றைய காரில் டஜன் கணக்கில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்குக்கூட ஒன்று. எல்லாம் ஒரே வயர் வழியாகப் பேசிக்கொள்கின்றன. மின்னல் வெளியே ஓடினாலும், அந்த அதிர்ச்சியில் உள்ளே இருக்கிற வயர்களிலும் ஒரு வேகமான மின் அலை பிறக்கும். அது ஒரு சிப்பை உடனே கொல்லலாம், அல்லது பாதி உயிரோடு விடலாம். பாதி உயிரோடு இருக்கிறதுதான் ஆபத்து. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், எப்போதும் வருகிற பிழையைப் பிடித்துவிடலாம், எப்போதாவது வருகிற பிழைதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

"எல்லா மாட்யூலையும் ஸ்கேன் பண்ணுங்க, நாலு நாள் நீங்களே ஓட்டிப் பாருங்க, அப்புறம்தான் வண்டிய எடுத்துக்குவேன்" என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டாவது நாளே ஏர்பேக் எச்சரிக்கை வந்தது. மூன்றாவது நாள் ஓடும்போதே பிரேக் உதவி ஒரு நிமிஷம் அணைந்து திரும்ப வந்தது. அந்த வண்டியில் என் பிள்ளையை ஏற்றியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மதிப்பீடு 14,300 டாலராக ஏறியது.

மூன்று, 'டோட்டல் லாஸ்' என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். புளோரிடாவில் பழுது பார்க்கிற செலவு, அதே மாதிரி ஒரு வண்டி வாங்குகிற விலையில் 80 சதவீதத்தைத் தொட்டால், அந்த வண்டி முழு நஷ்டம். எங்கள் வண்டியின் மதிப்பு 17,000. 80 சதவீதம் 13,600. தாண்டிவிட்டது. 500 டாலர் டிடக்டிபிள் போக 16,500 வந்தது. வாடகை கார் செலவு மட்டும் கைக்காசு. அதற்குத் தனி கவரேஜ் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

கார் விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் வீட்டுக்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது.

ஒரு புத்தகமும் ஒரு கேள்வியும்

மகள் அன்றிலிருந்து எங்கள் அறையில்தான் தூங்கினாள். டாம்பாவில் ஜூலை மாதம் இடிக்குப் பயந்தால் தினமும் பயப்படணும். வானம் கறுத்தாலே காதைப் பொத்திக்கொண்டு சமையலறை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். "ஒண்ணும் ஆகாது" என்று நாங்கள் சொன்னது பலிக்கவில்லை. ஆகும் என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியுமே.

பயம் தெரியாததிலிருந்து வருகிறது என்று சொல்லி, மனைவி நூலகத்திலிருந்து மின்னலைப் பற்றிக் குழந்தைகள் புத்தகங்கள் நாலைந்து எடுத்துவந்தாள். அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வரும். அதனால் சாயங்காலம் பேத்தி ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லுவாள், தாத்தா கேட்பார். தமிழ்ப் பள்ளியில் நாலு வருடத்தில் பேசாத தமிழை அந்த இரண்டு வாரத்தில் பேசினாள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிக்கணும், இடி கேட்கிற வரைக்கும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர், ஐந்து நொடிக்கு ஒரு மைல். இதை அவர்கள் ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஜன்னல் பக்கத்தில் தாத்தாவும் பேத்தியும், "ஒண்ணு, ரெண்டு, மூணு..." மேசைக்கு அடியிலிருந்து சோபாவுக்கு வந்தாள். முப்பதுக்குள் இடி கேட்டால் அது ஆபத்தான தூரம் என்பது பழைய விதி. இப்போது எண்ணிக்கையே வேண்டாம், இடி காதில் விழுந்தாலே உள்ளே போ என்கிறார்கள். மழை பெய்யாத இடத்திலும், 10 மைல் தள்ளி இருக்கிற மேகத்திலிருந்து மின்னல் வந்து விழும்.

ஒரு நாள் அவள் படித்துச் சொன்னாள்: "தாத்தா, இடி விழுந்தவங்கள நாம தொடலாம். ஷாக் அடிக்காது. அவங்க உடம்புல கரண்ட் இருக்காது. உடனே ஹெல்ப் பண்ணணும்."

அப்பா எழுந்து வெளியே பின்பக்கத் திண்ணைக்குப் போய்விட்டார்.

நான் காபியோடு போனபோது புல்வெளியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் புத்தகத்துல இருக்கறது நெசமா?" என்று கேட்டார்.

"ஏம்ப்பா?"

அப்போதுதான் சொன்னார். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்று தெரியும். சின்ன வயதில் 'தவறிப்போனார்' என்று மட்டும் தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

1974, ஐப்பசி மாதம். அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பாவுக்குப் பதினேழு வயது, சித்தப்பாவுக்குப் பதினாலு. ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது மழை பிடித்திருக்கிறது. சித்தப்பா புளியமரத்தடியில் ஒதுங்கினார். அப்பா பின்னால் தங்கிவிட்ட ரெண்டு ஆட்டைப் பிடிக்கப் போயிருந்தார். வெளிச்சத்தைப் பார்த்தார். திரும்பி ஓடிவந்தபோது தம்பி தரையில் கிடந்தார். உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லையாம்.

"வயல்ல இருந்து ஆளுங்க ஓடியாந்தாங்க. தொடாதே, கரண்டு இருக்கும், நீயும் போயிருவேன்னு என்னையப் புடிச்சுக்கிட்டாங்க. நாப்பது பேரு இருப்போம். சுத்தி நின்னோம். ஒருத்தரும் தொடல."

அப்புறம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அரைமணி கழிச்சு எங்கம்மா ஓடியாந்தா. யாரு சொல்லியும் கேக்கல. விழுந்து தூக்கி மடியில போட்டுக்கிட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. அப்பவே எனக்குத் தெரியும்டா. அவளுக்கு ஒண்ணும் ஆகலையே."

காரில் அவர் கை ஏன் நடுங்கியது, 'இறங்கு' என்று ஏன் கத்தினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"தொட்டிருக்கலாமா, தம்பி?"

'தெரியலப்பா, புத்தகத்துல ஏதோ போட்டிருக்கான்' என்று சொல்லியிருக்கலாம். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு ஐம்பது வருடம் கழித்து அந்த உண்மை எதற்கு? ஆனால் அவர் பதில் தெரிந்துதான் கேட்கிறார். பொய் சொன்னால் அதைத் தனியாகவே சுமக்கவிட்ட மாதிரி ஆகும்.

"தொட்டிருக்கலாம்ப்பா" என்றேன். "ஆனா தொட்டா மட்டும் பத்தாது. நெஞ்ச அழுத்தணும், மூச்சுக் கொடுக்கணும், விடாம செய்யணும். அந்த முறையையே அமெரிக்க டாக்டருங்க 1960லதான் எழுதி வெளியிட்டாங்க. எழுபத்துநாலுல நம்ம ஊருல அது யாருக்குத் தெரியும்? நாப்பது பேருல ஒருத்தருக்கும் தெரியாது. பதினேழு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அத இங்க எங்க சொல்லித் தராங்க?" என்று கேட்டார்.

தீயணைப்பு நிலையத்தில் ஒரு சனிக்கிழமை

ஆகஸ்டில் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் நடந்த சிபிஆர் வகுப்புக்கு மூன்று பேரும் போனோம்: நான், மனைவி, அப்பா. மகள் மொழிபெயர்ப்பாளர். அங்கே தெரிந்துகொண்டதை நம் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், பலருக்கு நீண்ட நாள் பாதிப்பு இருந்தாலும். இறப்பவர்களுக்கு முக்கியக் காரணம் இதயம் நின்றுபோவது. சில சமயம் இதயம் தானாகத் திரும்ப ஓட ஆரம்பிக்கும், ஆனால் மூச்சு திரும்பியிருக்காது. அதனால்தான் உடனடி உதவி உயிரைக் காப்பாற்றும். பல பேர் அடிபட்டுக் கிடந்தால், முனகுகிறவரை விட, அசைவில்லாமல் கிடப்பவரை முதலில் பார்க்கணும்.

பயிற்சி எடுக்காதவரும் செய்யலாம். அவசர எண்ணை அழையுங்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பக்கத்தில் ஏஇடி கருவி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். இடி தொடர்ந்தால் முடிந்தவரை பத்திரமான இடத்துக்கு நகர்த்திவிட்டுச் செய்யுங்கள். ஏனென்றால் அவரைத் தொடுவது ஆபத்தில்லை, அடுத்த மின்னல்தான் ஆபத்து.

அப்பா பொம்மையின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். இரண்டு நிமிஷத்தில் ஆள் மாறணும் என்று பயிற்சியாளர் சொன்னார். "தாத்தா, ஸ்டாப்பாம், இப்ப அப்பா டர்ன்" என்றாள் மகள். அப்பா நிறுத்தவில்லை. வியர்த்துக் கொட்டியது. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பேசாமல் நின்றார். அப்பா தானாக நிறுத்தும்வரை விட்டார்.

அமெரிக்காவில் 1940களில் மின்னலால் வருடத்துக்கு 300 பேருக்கு மேல் இறந்தார்கள். சமீப வருடங்களில் அது 20ஐ ஒட்டி வந்துவிட்டது. மின்னல் குறையவில்லை. வயல்வெளியில் வேலை செய்கிறவர்கள் குறைந்தார்கள், எப்போது உள்ளே போகணும் என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள், மருத்துவமும் முன்னேறியது. இந்தியாவில் இன்னும் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள், பெரும்பாலும் வயலில், மரத்தடியில். புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு ஆப் உருவாக்கியிருக்கிறது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும். அப்பா டிசம்பரில் ஊருக்குத் திரும்பும் முன் அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்தான். கார் பாலிசியில் கம்ப்ரிஹென்சிவ் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரக் கார் வைத்திருந்தால் இடிமழை வருவதற்கு முன்பே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். கால்பந்து, நீச்சல் என்று பிள்ளைகளை விடுகிற இடத்தில் இடி கேட்டால் என்ன விதி என்று கேளுங்கள், பிள்ளைக்கும் அது தெரியுமா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் எட்டு வயதுக்காரிதான். வீட்டில் ஒருவராவது சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா அம்மாவிடம், 'சின்ன வயசுல தவறிப்போனார்' என்று சொல்லப்பட்ட யாராவது இருந்தால், எப்படி என்று ஒரு தடவை கேளுங்கள்.

மகளுக்குப் பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது தன் அறையில் தூங்குகிறாள். ஊரில் மழைக்காலம் என்றால் தாத்தா வீடியோ காலில் வருவார். போன வாரம் பேசும்போது அந்தப் பக்கம் வெளிச்சம் வெட்டியது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பதினெட்டில் இடி கேட்டது.

"ஆறு கிலோமீட்டர் தாத்தா. எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்குள்ளதான் கண்ணு. ஆடு மேய்க்கிற பசங்களையும் கூப்பிட்டு உள்ள உக்கார வச்சிருக்கேன்."